பசும்பாலுக்குப் பதிலாகச் சோயா பால்: சைவக் குடும்பம் முழுவதும் மாறலாமா?

கேள்வி: கொடிவேரி

அனைவருக்கும் வணக்கம். பசும்பாலை நிறுத்திவிட்டு வீட்டில் எல்லோரும் சோயா பாலுக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு சில வாரங்களாக எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. முடிவெடுக்கும் முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது என்று இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. ஆரஞ்சு நிறப் பாக்கெட் பால்தான் வாங்குகிறோம். காபி, தயிர், மோர், குழந்தைக்குக் காலையிலும் இரவிலும் ஒவ்வொரு டம்ளர் பால் என்று அது முழுவதும் செலவாகிவிடும். என் கணவருக்கு அண்மைய இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்ததால், பாலை அறவே விட்டுவிட வேண்டும் என்கிறார். என் மாமியாருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பால் குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு இரைச்சல் எடுக்கிறது. அவர் நீரிழிவுக்காக நெடுநாளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டுவருகிறார். மகளுக்கு நான்கு வயது. உறவினர் வீட்டில் குடித்த சோயா பாலின் சுவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

புரதத்தில் இரண்டும் சமம், ஆகவே தயங்காமல் மாறலாம் என்கிறார்கள் ஒரு சாரார்; சோயா பால் பாலே அல்ல, அதில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் மறு சாரார். புரதம், சுண்ணாம்புச்சத்து, கொழுப்பு ஆகியவற்றில் உண்மையான வேறுபாடு என்ன? குழந்தைக்கும் கொடுக்கலாமா? வீட்டிலேயே சோயாவை அரைத்துப் பால் எடுத்தால் கடையில் வாங்குவதற்கு ஈடாகுமா? பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பொன்னிவளம்

அன்புள்ள கொடிவேரி அவர்களுக்கு, நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிபவள். உங்கள் வீட்டில் பால் இதுவரை என்னென்ன வேலைகளைச் செய்துவந்திருக்கிறது என்று பிரித்துக்கொண்டு, அவற்றில் எவற்றைச் சோயா பால் ஏற்றுக்கொள்ளும், எவற்றை ஏற்காது என்று பார்த்தால் விடை தானாகத் தெளிவாகும்.

முதலில் புரதம். 100 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 3.2 கிராம் புரதம் இருக்கிறது. சர்க்கரை சேர்க்காத நல்ல சோயா பாலில் 3 கிராமை ஒட்டி இருக்கும். தரத்தைப் பொறுத்தவரை பால் புரதம் ஒரு படி மேல்தான். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சற்றுக் குறைவு. ஆனால் சோற்றிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கும் லைசின் சோயாவில் நிறைய இருக்கிறது. சோயாவில் குறைவான மெத்தியோனின் தானியங்களில் போதிய அளவு இருக்கிறது. இட்லி, தோசை, சோறு என்று உண்ணும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் குறை நடைமுறையில் ஒரு பொருட்டே அல்ல. தாவரப் பால்கள் என்று விற்கப்படுபவற்றில் பாதாம் பாலும் அரிசிப் பாலும் புரதத்தில் மிகவும் மெலிந்தவை. பசும்பாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கக்கூடியது சோயா பால் ஒன்றுதான். அமெரிக்க அரசின் 2020–2025 உணவு வழிகாட்டி, கால்சியமும் வைட்டமின்களும் செறிவூட்டப்பட்ட சோயா பானத்தை மட்டும் பால் வகைகளோடு சேர்த்து எண்ணியதற்கும் இதுவே காரணம். அதில் ‘செறிவூட்டப்பட்ட’ என்ற நிபந்தனையை நீங்கள் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

ஏனென்றால் சுண்ணாம்புச்சத்தில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது. பசும்பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். செறிவூட்டப்படாத சோயா பாலில் 25 மில்லிகிராம் அளவில்தான். உங்கள் மகளின் வயதில், அதாவது 4 முதல் 6 வயது வரை, ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் பரிந்துரைத்தது. அவள் குடிக்கும் இரண்டு டம்ளர் பாலை 400 மி.லி. என்று வைத்துக்கொண்டால், 480 மில்லிகிராம் அதிலிருந்தே வந்துவிடுகிறது. அதே அளவு செறிவூட்டப்படாத சோயா பாலில் கிடைப்பது 100 மில்லிகிராம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதே பரிந்துரை 1,200 மில்லிகிராம் என்பதால், உங்கள் மாமியாருக்கும் இது அலட்சியப்படுத்தக்கூடிய கணக்கு அல்ல. செறிவூட்டப்பட்ட பானமாக இருந்தால் இந்தக் கவலை பெருமளவு நீங்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்த சோயா பாலிலிருந்து உடல் உறிஞ்சும் கால்சியம், பசும்பாலிலிருந்து உறிஞ்சுவதற்கு ஏறத்தாழச் சமம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. டிரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்திருந்தால் உறிஞ்சப்படும் அளவு கொஞ்சம் குறையும். சேர்த்த கால்சியம் அட்டைப்பெட்டியின் அடியில் படிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் எழுதியிருக்கும் அளவில் பெரும்பங்கு பெட்டியின் அடியிலேயே தங்கிவிடும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வைட்டமின் பி12. முட்டையும் உண்ணாத ஒரு குடும்பத்துக்குப் பாலும் தயிரும் மோரும்தான் அந்த வைட்டமினுக்கு ஏறத்தாழ ஒரே வழி. 100 மி.லி. பாலில் 0.4 முதல் 0.5 மைக்ரோகிராம் வரை பி12 இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். சோயாவில் இயற்கையாக பி12 கிடையாது. எந்தப் பயறிலும் கீரையிலும் கிடையாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், பாலை நிறுத்திய உடனே எந்த வேறுபாடும் தெரியாது. “நிறுத்திப் பார்த்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்” என்று சொல்லத் தோன்றும். பயறும் கீரையும் நிறைய உண்பவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால், பி12 குறைவினால் வரவேண்டிய சோகை வெளியே தெரியாமல் மறைந்துகொண்டு, கால் விரல்களில் மதமதப்பு, நடையில் தடுமாற்றம், மறதி என்று நரம்புப் பாதிப்பாகவே அது முதலில் வெளிப்படவும் கூடும். உங்கள் மாமியார் நெடுநாளாக மெட்ஃபார்மின் உட்கொள்பவர்; அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், வயதும் அதையே செய்யும். பால் விஷயத்தில் என்ன முடிவெடுத்தாலும், அவருடைய பி12 அளவை ஒருமுறை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கொழுப்பில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆரஞ்சுப் பாக்கெட் என்பது 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால். அரை லிட்டரில் 30 கிராம் கொழுப்பு, அதில் அறுபது சதவீதத்துக்கும் மேல் எல்.டி.எல்.ஐ உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு. 2,000 கலோரி உண்பவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான நிறைவுற்ற கொழுப்பின் வரம்பு ஏறத்தாழ 22 கிராம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அரை லிட்டரே அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது. அதே அளவு சோயா பாலில் மொத்தக் கொழுப்பே 10 கிராமுக்குள்தான். நிறைவுற்ற கொழுப்பு அதில் ஒரு சிறு பங்கு. கொலஸ்டிரால் அறவே இல்லை. சோயா புரதத்தைத் தொடர்ந்து உண்பவர்களுக்கு எல்.டி.எல். 3 முதல் 4 சதவீதம் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. அது சிறிய பயன்தான், மருந்துக்கு மாற்று அல்ல. ஆனால் ஆரஞ்சிலிருந்து 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டுக்கு மாறினாலே கொழுப்பு பாதியாகிவிடும். கால்சியமும் பி12உம் அப்படியே இருக்கும். உங்கள் கணவர் முதலில் எடுத்துவைக்க வேண்டிய அடி இது என்பது என் கருத்து.

மாமியாரைப் பொறுத்தவரை, நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரியாமையை ஒத்திருக்கின்றன. இது பால் புரத ஒவ்வாமை அல்ல. ஆகையால் பால் பொருள்கள் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. உறை ஊற்றும்போது லாக்டோஸில் ஒரு பங்கு லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. தயிரில் உள்ள நுண்ணுயிரிகள் மீதியைச் செரிக்கவும் கைகொடுக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வது இதனால்தான். காபிக்கு மட்டும் சோயா பாலைப் பயன்படுத்திக்கொண்டு, தயிரையும் மோரையும் அவர் தொடரலாம்.

குழந்தையைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சோயா பாலும் கூடாது, பசும்பாலும் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சோயா அடிப்படையிலான குழந்தை உணவு முற்றிலும் வேறு பொருள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஆயினும், ஒவ்வாமை போன்ற காரணம் எதுவும் இல்லாதபோது நான்கு வயதுக் குழந்தையின் பாலை முழுவதும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பசும்பால் அல்லாத பால்களைக் குடிக்கும் குழந்தைகளின் உயரம் சராசரியாகச் சற்றுக் குறைந்திருப்பதை கனடாவின் டொரன்டோ நகரில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அது பல வகைப் பால்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, காரணத்தை நிறுவியது என்றும் கொள்ள முடியாது. இருந்தாலும், வளரும் வயதில் கவனமாக இருக்க அது போதிய காரணம். பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, சுவைக்காக இடையிடையே சர்க்கரை குறைந்த சோயா பாலையும் கொடுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை.

பதில்: ஆட்டுக்கல்

பொன்னிவளம் அவர்கள் சொன்னவற்றோடு, வீட்டில் பால் எடுப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் சோயா பால் எடுத்து டோஃபு (சோயா பன்னீர்) செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்றுவருகிறோம்.

100 கிராம் சோயாவில் சுமார் 36 கிராம் புரதமும், தோராயமாக 200 முதல் 280 மில்லிகிராம் வரை கால்சியமும் இருக்கும். இதை அரைத்து ஒரு லிட்டர் பால் எடுக்கிறோம் என்று கொள்ளுங்கள். சக்கையோடு போவது போக, புரதத்தில் முக்கால் பங்கு பாலில் இறங்கினாலும் 100 மி.லி.க்கு 2.7 கிராம் கிடைத்துவிடும். அது நல்ல அளவு. கால்சியமோ ஒரு துளி விடாமல் இறங்கினாலும் 28 மில்லிகிராமைத் தாண்ட வழியில்லை. வீட்டுச் சோயா பால் தூய்மையானது, புதியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் கால்சியத்திலும் பி12இலும் அது பசும்பாலுக்கு மாற்றாகவே முடியாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

எடுக்கும் முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சோயாவை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கையால் தேய்த்துத் தோலை நீக்கிக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால், பயறு நொறுங்கிய கணத்திலேயே அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பைத் தாக்கி, பலருக்கும் பிடிக்காத அந்தப் பச்சை வாடையை உண்டாக்கிவிடும். கொதிக்கும் நீரை விட்டு அரைத்தால் நொதி செயலிழந்துவிடும். வாடை வெகுவாகக் குறையும்.

இரண்டாவது இடம் அடுப்பு. துணியில் வடிகட்டிய பாலை ஏற்றினால், இன்னும் கொதிநிலை வராதபோதே, ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில் நுரை திரண்டு பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி வந்துவிடும். பசும்பால் காய்ச்சிப் பழகிய கை உடனே அடுப்பை அணைத்துவிடும். அங்கே அணைக்கக் கூடாது. பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் இருக்கிறது. அது நாம் உண்ணும் புரதம் செரிப்பதையே தடுக்கும், வயிற்றையும் தொந்தரவு செய்யும். நுரையை வழித்துவிட்டுத் தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கால் மணி முதல் இருபது நிமிடம் வரை உண்மையாகவே கொதிக்கவிட்டால்தான் அதன் பெரும்பகுதி அழியும். சோயா பால் குடித்து வயிறு கெட்டது என்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

வடிகட்டிய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். நார்ச்சத்தும் மீதிப் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அடை மாவில் கலந்து வார்த்தால், வித்தியாசமே தெரியாமல் குழந்தைகள் சாப்பிடுவார்கள். டோஃபு செய்வதானால், எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிப்பதைவிட உணவுத் தரக் கால்சியம் சல்பேட் கொண்டு திரிப்பது மேலானது. பாலில் இல்லாத கால்சியம் அந்த வழியாகக் கட்டிக்குள் வந்துசேரும். காபிக்குப் பயன்படுத்தும்போது, டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயா பாலைத் திரித்துவிடக்கூடும். பாலைத் தனியே சூடாக்கிக்கொண்டு, அதில் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது.

பதில்: தெம்பனிஸ் தமிழன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே உணவங்காடிகளில் சோயா பால் அன்றாடப் பானம். சூடாகவும் குளிராகவும் கிடைக்கும். கடையில் வாங்குவதைப் பற்றி ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது: சீனியின் அளவைப் பாருங்கள்.

சோயா பாலுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. ஹாங்காங்கில் 1940இல் கே.எஸ். லோ என்பவர் வைட்டாசாய் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பசும்பால் வாங்க வசதியில்லாத மக்களுக்கு மலிவாகப் புரதம் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. பின்னாளில் அது குளிர்பானம் போல எங்கும் பரவியது. சோயா பானம் என்றாலே இனிப்பாக இருக்கும் என்ற பழக்கமும் மக்களிடையே நிலைத்துவிட்டது. நீங்கள் இந்தியக் கடைகளில் பார்க்கும் வெனிலா, சாக்லேட், பாதாம் சுவையூட்டிய சோயா பானங்களும் இந்த வகைதான். உங்கள் மகளுக்குப் பிடித்துப்போன அந்தச் சுவையும் இனிப்பினால் வந்ததாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவு உள்ள மாமியாருக்கு இனிப்பூட்டிய வகையைக் கொடுப்பதைவிடச் சர்க்கரை சேர்க்காத பசும்பாலில் போட்ட காபியே மேல்.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறியீடு நடைமுறையில் இருக்கிறது. ஓராண்டு கழித்துக் கடைகளில் அப்போதைக்கப்போது தயாரித்துக் கொடுக்கும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 100 மி.லி.க்கு 1 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ஏ தரம் கிடைக்காது. 10 கிராமைத் தாண்டினால் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் தனி வரம்பு உண்டு. அத்தகைய முத்திரை உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், பெட்டியின் பின்புறத்துச் சத்து அட்டவணை இருக்கிறது. அதில் மூன்று வரிகளைப் படித்தால் போதும். சேர்த்த சர்க்கரை இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருக்க வேண்டும். புரதம் 100 மி.லி.க்கு 3 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், சில பானங்களில் அது 2 கிராமைக்கூடத் தொடாது. கால்சியம் 120 மில்லிகிராமை ஒட்டி இருக்க வேண்டும், பி12உம் வைட்டமின் டியும் பட்டியலில் இருந்தால் இன்னும் நல்லது. கால்சியம் என்ற வரியே காணப்படவில்லை என்றால், செறிவூட்டப்படாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும்: கொடிவேரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் புரதத்தைப் பற்றி மட்டுமே வாதிட்டுக்கொண்டிருந்தோம்; பி12ஐ வீட்டில் ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நீலப் பாக்கெட்டுக்கு மாறுவது, மகளுக்குப் பாலைத் தொடர்வது, மாமியாருக்குக் காபிக்கு மட்டும் சர்க்கரையில்லாத சோயா பால் என்று பேசி முடித்திருக்கிறோம். பி12 பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லவிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. நான் தைராய்டு குறைவுக்காகத் தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். சோயா தைராய்டுக்கு ஆகாது என்கிறார்களே? சோயாவில் பெண்மை ஹார்மோன் இருப்பதாகச் சொல்லி என் கணவரும் தயங்குகிறார்.

பதில்: பொன்னிவளம்

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள்கள் உள்ளன. அமைப்பில் அவை ஈஸ்ட்ரோஜனைப் போலச் சற்றே இருந்தாலும், உடலில் அவற்றின் செயல் மிகவும் வலுக்குறைந்தது. ஆண்களிடம் செய்யப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் சோயா பாலும் மீல் மேக்கர் குழம்பும் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யாது.

தைராய்டைப் பொறுத்தவரை, அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீட்டில் சோயா அந்தச் சுரப்பியைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் எடுத்துக்கொள்ளும் ஐசோஃபிளேவோன் மாத்திரைகளை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2015இல் தைராய்டுக்குத் தீங்கு காணவில்லை. சிக்கல் மாத்திரையில்தான் இருக்கிறது: தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கும், கால்சியமும் குறைக்கும், ஆகவே செறிவூட்டப்பட்ட சோயா பால் இரண்டு வழியிலும் குறைக்கும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு, காபிக்கு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள்; சோயா பாலையும் கால்சியம் மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளிவையுங்கள். அதாவது, உங்கள் வீட்டுக் காலைக் காபியில் சோயா பால் மாமியாருக்கு மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டுமானால் மாலையில் குடியுங்கள். நாள்தோறும் சோயா சேர்க்கத் தொடங்கினால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.